தணிகாசலம் தொலைத்த பதினாலு கிலோ

தணிகாசலம் குறைத்த பதினாலு கிலோ, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, குரோம்பேட்டையில் இருக்கும் அவருடைய வீட்டுக்குத் திரும்பி வந்தது. டவுன் பஸ்ஸில் வந்திருந்தது. இரண்டு மாடி ஏறியதில் அதற்கு மூச்சு வாங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றி, மற்ற செருப்புகளின் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, அழைப்பு மணியை ஒரே ஒரு தடவை அழுத்தியது.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி வசுமதி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் அதன் மூடியுமாக நின்றாள்.

"யார் வேணும்?"

"தணிகாசலம் அண்ணன் வீடு இதுதானே அண்ணி? நான் அவரோட எடை."

"ஓ, வாங்க. அவர் குளிச்சிட்டிருக்கார். உட்காருங்க. காபிக்குச் சர்க்கரை போடலாமா?"

"ரெண்டு ஸ்பூன் போடுங்க," என்றது எடை.

அந்த வீட்டில் யாராவது சர்க்கரை போடச் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை டப்பா பூஜை அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஒளித்து வைத்தவள் வசுமதிதான். தெய்வங்கள் இருக்கும் இடத்தில் கணவர் சோதனை போட மாட்டார் என்ற நம்பிக்கை.

எடையின் முகம் தணிகாசலத்தின் முகம்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு முந்தையது. கன்னம் இருந்தது. உயரம் மேசை அளவுக்கு. எலும்பு கிடையாது என்பதால், சோபாவில் உட்கார்ந்ததும் சோபாவின் வடிவத்துக்கு வந்துவிட்டது. அது சிரித்தால் சிரிப்பு முகத்தில் தொடங்கி, பாதம் வரை போய், திரும்பி வந்தது. ஏழாவது படிக்கும் மகள் சிந்துஜா ஷூ லேஸ் கட்டியபடியே அதைப் பார்த்தாள்.

"அம்மா, இவரை நான் என்னன்னு கூப்பிடறது?"

வசுமதி கொஞ்சம் யோசித்தாள். "அப்பாவை விடச் சின்னவர்தானே. சித்தப்பான்னு கூப்பிடு."

தணிகாசலம் துண்டோடு வெளியே வந்தார். சொல்லாமல் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் உறவினரைப் பார்த்தால் வரும் எரிச்சல் அவருக்கு வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"எப்ப வந்தே?"

"இப்பத்தான் அண்ணே. சாப்டீங்களா?"

"ஊற வெச்ச வெந்தயம் சாப்பிட்டேன்."

எடை துக்கம் விசாரிக்க வந்த மாதிரி தலையை ஆட்டியது.

இப்படி எடை திரும்பி வருவது அந்தப் பக்கத்தில் புதிதில்லை. மேல் மாடி வரதராஜுலு தீபாவளிக்கு முன்னால் குறைத்த ஏழு கிலோ, பொங்கலுக்குள் வந்துவிட்டது. அதை அவர் பால்கனியில் வைத்திருந்தார். துணி காயப்போட உதவியாக இருந்தது. ஆனால் வரதராஜுலு ஓய்வு பெற்றவர். தணிகாசலத்தின் நிலைமை வேறு.

அவர் அம்பத்தூரில் பம்ப் செட் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் மேலாளர். பிஸியானவர். தான் பிஸி என்பதைத் தினமும் எல்லோரிடமும் சொல்லவே அவருக்குக் கணிசமான நேரம் தேவைப்பட்டது. இருபது வருடம் காலை டிபனைக் காரிலும், மதியச் சாப்பாட்டை மீட்டிங்கிலும், சாயங்கால பஜ்ஜியை யாராவது வாங்கிக் கொடுக்கும்போதும் சாப்பிட்டதில், சட்டை பொத்தான்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. சித்திரையில் ஒரு நாள் குனிந்து சாக்ஸ் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அன்றே போய் 'வஜ்ரதேகம் உடற்பயிற்சி நிலைய'த்தில் சேர்ந்தார்.

அங்கே பயிற்சியாளர் ரூபன் அவரைச் சுற்றி வந்து பார்த்தார், பழைய கட்டிடத்தை இடிக்க வந்தவர் பார்ப்பது போல. "மெதுவாக் குறைக்கிறதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு சார். உங்களை மாதிரி பிஸியான ஆளுங்களுக்கு மூணு மாசம் போதும்."

மூன்று மாதம் தணிகாசலம் ஓடினார். ஓடும் பட்டையின் மேல் ஓடியதால் எங்கும் போய்ச் சேரவில்லை. காலையில் வெந்தயம், மதியம் பூசணிச் சாறு, இரவில் வெள்ளரிக்காய். மணிக்கட்டில் ஒரு வாட்ச் கட்டினார்கள். உட்கார்ந்தால் அது அதிரும். எழுந்து நின்றால் 'அருமை' என்று எழுதிக் காட்டும். இருபது வருட உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் அவரை அருமை என்று சொன்னதில்லை. ஆகவே அவர் நின்றுகொண்டே இருந்தார். டிவி பார்க்கும்போது நின்றார். மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நின்றார். பின்வரிசைக்காரர்கள் திட்டியபோது வாட்ச் அருமை என்றது.

எடை குறைந்தது. குறைந்த எடை எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்," என்றார் ரூபன். பார்த்துக்கொள்வது என்றால் பின்பக்கக் கேட்டைத் திறந்து வெளியே விடுவது. அவை வழி விசாரித்து வீடு வந்து சேர்ந்தன.

இதற்குள் கம்பெனியில் தணிகாசலம் பெரிய ஆளாகிவிட்டார். அடுத்த மாத ஆண்டு விழாவில் அவருக்கு 'நலவாழ்வுத் தூதர்' பட்டம் தருவதாக முடிவாகியிருந்தது. நுழைவாயிலில் பேனர். அதில் இரண்டு தணிகாசலங்கள். குண்டானவருக்குக் கீழே 'முன்', ஒல்லியானவருக்குக் கீழே 'பின்'. ஒல்லியானவர் கையைக் கட்டிக்கொண்டு யாரையோ மன்னிக்க மறுப்பவர் போல நின்றார்.

அன்று வெள்ளிக்கிழமையே அவர் மனிதவளப் பிரிவின் ஃபிலோமினா மேடத்தின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு சந்தேகம். குறைச்ச எடை வீட்டுக்கு வந்துட்டா…"

ஃபிலோமினா கண்ணாடியைக் கழற்றினார். "எங்க தங்கியிருக்கு சார்? உள்ளேயா, வெளியேயா?"

"ஹால்ல."

"ஒரே கூரைக்குக் கீழே இருந்தா குறைச்சதா எடுத்துக்க மாட்டாங்க சார். இடம் மாறினதாத்தான் எடுத்துப்பாங்க. விழாவுக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிடுங்க. பேனரும் அடிச்சாச்சு."

தணிகாசலம் ஏற்பாடு பண்ணக் கிளம்பினார்.

முதலில் சபேசன் நினைவுக்கு வந்தார். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். குடையை விரித்தால் குடைதான் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். அந்த அளவுக்கு மெலிந்தவர். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம், தம்பிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டிருந்தார்கள். அவர் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் தின்று ஓய்ந்திருந்தார்.

"பதினாலு இருக்கு. நல்ல எடை. இருபது வருஷமாச் சேர்த்தது," என்றார் தணிகாசலம்.

"வெச்சுக்கறேன் சார்," என்று சபேசன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை கூட்டிப் போனவர் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொண்டுவந்து விட்டார். "நல்ல மாதிரி சார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா என் மேல ஒட்ட மாட்டேங்குது. பக்கத்துலயே உட்கார்ந்து, 'அண்ணன் சாப்பிட்டிருப்பாரா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்குச் சோறு இறங்கல. என் உடம்புல இருந்ததுலயே முக்கால் கிலோ போயிடுச்சு."

எடை உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. சோபாவில் அதற்கென்று ஒரு பள்ளம் ஏற்பட்டிருந்தது. சிந்துஜா பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் அதன் வயிற்றில் தலை வைத்துப் படுத்து, அன்றைக்கு யார் யாரோடு பேசவில்லை என்ற விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். முன்பெல்லாம் அவள் அப்பாவின் வயிற்றில் அப்படிப் படுப்பது வழக்கம். இப்போது அங்கே படுத்தால் விலா எலும்பு குத்துகிறது என்று விட்டுவிட்டாள். தணிகாசலம் நின்றுகொண்டே அதைப் பார்த்தார். வாட்ச் அருமை என்றது.

ஞாயிற்றுக்கிழமை அவர் எடையை சென்ட்ரலுக்குக் கூட்டிப் போய், மேற்கே போகும் ஒரு ரயிலில் ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார வைத்தார். அதற்கு விஷயம் புரிந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ரயில் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கை நீட்டி, ஒரு பொட்டலத்தைக் கொடுத்தது.

"மசால் வடை அண்ணே. பிளாட்பாரத்துல வாங்கினேன். சூடா இருக்கு."

தணிகாசலம் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார். போடுவதற்கு முன் முகர்ந்து பார்த்தார். பிறகு நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார், வாட்ச்சை மகிழ்விப்பதற்காக. குரோம்பேட்டைக்கு அவர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எடை அரக்கோணத்தில் இறங்கி, அடுத்த வண்டியைப் பிடித்து, அவருக்கு வெகு முன்பே வந்துவிட்டிருந்தது. வசுமதியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டு மட்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளியில் புதிதாக வந்த தலைமையாசிரியர், கணக்கு டீச்சர்களையும் நடனம் கற்றுத்தரச் சொல்லுகிறார் என்று வசுமதி சொல்லிக்கொண்டிருந்தாள். "ஐயோ! அப்புறம்?" என்றது எடை. அவள் எழுந்து நின்று, தலைமையாசிரியர் கையை எப்படி ஆட்டினார் என்று செய்து காட்டினாள். எடை குலுங்கியது. சிந்துஜா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். தணிகாசலம் வந்ததும் மூன்று பேரும் அமைதியானார்கள். ஆய்வுக்கு அதிகாரி வந்தது போல.

அவர் வெள்ளரிக்காயை எடுத்துவந்து, சமையல் மேடைத் தராசில் நிறுத்தார். ஒரு துண்டு அதிகம் இருந்தது. அதை எடுத்துத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தார்.

மற்றவர்கள் கை கழுவப் போனதும் வசுமதியிடம் கேட்டார். "அதுகிட்ட மட்டும் அப்படி என்ன பேச்சு?"

வசுமதி தட்டுகளை அடுக்கினாள். "அது என்னைப் பார்த்துச் சாப்பிடுது. நீங்க வாட்ச்சைப் பார்த்துச் சாப்பிடறீங்க."

"உடம்பு நல்லா இருக்கணும்னுதானே வசு இவ்வளவும்? நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு யாரு இருக்கா?"

"அதான் தம்பி இருக்காரே," என்றாள் வசுமதி. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்பது போலச் சொன்னாள். தணிகாசலத்துக்கு அது வயிற்றில் விழுந்தது. விழுவதற்கு அங்கே மெத்தை எதுவும் இல்லாததால் நேராக முதுகெலும்பில் பட்டது.

மறுநாள் அவர் அரை நாள் விடுப்பு எடுத்தார். எடையைக் கூட்டிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் இருக்கும் டாக்டர் மெஹ்ருன்னிசாவிடம் போனார். அவர் வயதான டாக்டர் இல்லை. ஆனால் வயதான நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர். வந்த இருவரில் எடையிடம்தான் முதலில் பேசினார்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர். அண்ணனுக்குத்தான் முகமே சரியில்ல."

டாக்டர் தணிகாசலத்தின் நாடியைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "எவ்வளவு நாள்ல தொலைச்சீங்க?"

"மூணு மாசம் டாக்டர்."

"அப்ப வழி மறந்திருக்காது. அவசரமா அனுப்பினது அட்ரஸை கையிலேயே வெச்சிருக்கும். மறுபடியும் எடுத்துக்குங்க. எடுத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா அனுப்புங்க."

"எப்படி அனுப்பறது?"

"தட்டுல பாதி காய். சோறு ஒரு கரண்டி கம்மி. கூடவே பருப்போ சுண்டலோ, முட்டை சாப்பிட்டா முட்டையோ. உட்கார்ந்து மென்னு சாப்பிடுங்க. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு நடை. இருக்கற மாடிப்படிய ஏறுங்க. பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் சாப்பிடுங்க, தினமும் பண்டிகை வேணாம்."

தணிகாசலம் காத்திருந்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"இவ்வளவுதானா? பவுடர் ஏதாவது?"

"பவுடர் வேணும்னா முகத்துக்குப் போட்டுக்குங்க."

"இதெல்லாம் வருஷக்கணக்கா ஆகுமே டாக்டர். எனக்கு நேரமே இல்ல. நான் ரொம்ப பிஸி."

டாக்டர் எடையைக் காட்டினார். அது நாற்காலியில் பரவி, சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகள் தடுப்பூசிப் படத்தை வரி வரியாக ரசித்துக்கொண்டிருந்தது. "இதுகிட்ட எவ்வளவு நேரம் இருக்கு பாருங்க. எல்லாம் உங்ககிட்ட இருந்து போனதுதான். எடையோட சேர்த்து அதையும் கழட்டி விட்டிருக்கீங்க. அடுத்தவங்க வரலாம்."

பட்டம் கிடைக்காது என்பதை பஸ்ஸில் வரும்போதுதான் தணிகாசலம் முழுதாக நினைத்துப் பார்த்தார். சாக்ஸ் போட முடியாமல் அழுத காலையும் நினைவுக்கு வந்தது. திரும்ப அங்கே போவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த எடை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. "நான் வேணா பால்கனியில இருந்துக்கறேன் அண்ணே. மேல் வீட்டு ஏழு கிலோ மாதிரி. துணி காயப்போடறேன்."

"வேணாம்," என்றார் தணிகாசலம்.

ஞாயிறு மதியம் வசுமதி வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். அவரைக்காய்ப் பொரியல் மட்டும் ஒரு சட்டி நிறைய. தணிகாசலம் வாட்ச்சைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார். அது உள்ளே கொஞ்ச நேரம் அதிர்ந்தது. பிறகு அரிசியைப் பாராட்ட ஆரம்பித்தது.

அவர் தரையில், எடைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு சோற்றில் கை வைத்தார். சோறு சூடாக இருந்தது. அவசரப்படாமல் பிசைந்தார். வசுமதியைப் பார்த்து, "நடனம் கத்துக் கொடுக்கச் சொன்னாரே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

வசுமதி ஒரு கணம் எடையைப் பார்த்தாள். அது, சொல்லுங்க அண்ணி என்பது போலத் தலையசைத்தது. அவள் சொன்னாள். தலைமையாசிரியர் தானே ஆடிக் காட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்ட இடம் வந்ததும் தணிகாசலம் சிரித்தார். சிரிப்பு முகத்தோடு நிற்காமல் கழுத்துக்கு இறங்கியது. எடை அவர் பக்கம் சாய்ந்தது. குழம்பு முடிவதற்குள் தோளோடு தோள் ஒட்டியது. ரசத்துக்கு வந்தபோது சித்தப்பாவின் தட்டுக்கு முன்னால் யாரும் இல்லை.

"சித்தப்பா எங்கே?" என்றாள் சிந்துஜா.

"அப்பாகிட்ட போயிட்டார். மோர் ஊத்திக்கோ," என்றாள் வசுமதி.

ஆண்டு விழா அந்த வாரமே வந்தது. தணிகாசலம் பழைய சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, பதினாலு கிலோவோடு போனார். வாசலில் ரூபன் பூங்கொத்தோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஃபிலோமினா மேடம் ஒரு ஓரமாக அழைத்துப் போனார்.

"என்ன சார் இது, சொல்லியிருக்கலாமே?"

"பட்டம் வேண்டாம் மேடம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"வேண்டாம்னா எப்படி சார்? சேர்மன் வந்தாச்சு. சால்வை வாங்கியாச்சு." அவர் பேனரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு ஏணி கொண்டுவரச் சொன்னார். பியூன் ஏறி, 'முன்' என்ற எழுத்தைக் கத்தரித்து ஒல்லியானவருக்குக் கீழேயும், 'பின்' என்ற எழுத்தைக் குண்டானவருக்குக் கீழேயும் ஒட்டினார். வேலை முடிந்தது.

சேர்மன் பேனரை உற்றுப் பார்த்துவிட்டுப் பேசினார். வாடி வதங்கி, யாரிடமும் முகம் கொடுக்காமல் இருந்த ஒரு மனிதர், மூன்றே மாதத்தில் எப்படி இவ்வளவு மலர்ச்சியாக மாறினார் என்பதை எல்லோரும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. சால்வை தணிகாசலத்தைச் சுற்றி வர நீளம் போதவில்லை. அன்று மாலைக்குள் ரூபனிடம், இந்த மாதிரி தங்களுக்கும் வேண்டும் என்று ஏகப்பட்ட பேர் பெயர் கொடுத்தார்கள். சபேசன் முதல் ஆளாக நின்றார்.

அதன்பிறகு தணிகாசலம் டாக்டர் சொன்னதைச் செய்தார். எல்லா நாளும் செய்தார் என்று சொல்ல முடியாது. சில நாள் மழை, சில நாள் மீட்டிங், சில நாள் மனசு. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தட்டில் பாதியைக் காய்க்குக் கொடுத்தார். ஆபீஸ் லிஃப்டைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் படி ஏறினார். இரவுச் சாப்பாட்டை முன்னால் இழுத்து, முடிந்ததும் வசுமதியோடு தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்பினார். வேகமாக நடந்தார்கள், ஆனால் பேச மூச்சு மிச்சம் இருந்தது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், பிள்ளையார் கோயில் தாண்டியதும், இரண்டாவது முகவாயாக இருந்த கால் கிலோ பேசியது. "அண்ணே, நான் இங்க இறங்கிக்கறேன்."

அது பூசணிப் பிஞ்சு அளவில் இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு நின்றது. வசுமதி பழக்கதோஷத்தில், "சரி தம்பி, போயிட்டு வாங்க," என்றாள்.

"வாங்கன்னு சொல்லாதே!" என்று தணிகாசலம் பதறினார்.

"வீட்டுலேருந்து கிளம்பறவங்களைப் பார்த்து 'போ'ன்னு எப்படிங்க சொல்றது?"

மூவரும் நடுத்தெருவில் நின்று யோசித்தார்கள். கால் கிலோவுக்கு பஸ் வரும் நேரமாகிவிட்டது. கடைசியில் வசுமதி, "நல்லா இருங்க," என்றாள். அது எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. கால் கிலோ இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுப் போனது. போனது போனதுதான். அதற்குப் பிறகு மாதம் ஒன்றோ இரண்டோ இப்படி விடைபெற்றன. சில, கிளம்புவதற்கு முன் சிந்துஜாவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி, மறுநாள் வரை தங்கின.

நடையின்போது வசுமதி அடிக்கடி கொட்டாவி விட்டாள். அவள் பக்கத்தில் நடந்தும், அதைத் தணிகாசலம் கவனிக்கப் பல வாரம் ஆனது. கவனித்ததும் கேட்டார்.

"ஏன் வசு, ராத்திரி தூங்கறதில்லையா?"

"சிந்து பொறந்ததுலேருந்தே சரியில்ல. அப்புறம் ஸ்கூல், சமையல், உங்க பூசணிச் சாறு, வெந்தயம்."

"அந்தத் தூக்கமெல்லாம் எங்க போச்சு?"

"தெரியல. தேட நேரம் இல்ல."

தணிகாசலம் கோயில் வரை அவள் விட்ட கொட்டாவிகளை எண்ணினார். திரும்பி வரும்போது, "நாளையிலேருந்து காலைச் சமையல் நான் பாத்துக்கறேன்," என்றார். வசுமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை மதியம் மட்டும் பாருங்க. மத்ததை அப்புறம் யோசிக்கலாம்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, வசுமதி தொலைத்த தூக்கத்தை நான்கு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு வருடத்துத் தூக்கம். சுருட்டிக் கட்டியிருந்தும் படி வளைவில் திரும்பவில்லை. வரதராஜுலு கீழே இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தார். ஹாலில் பிரித்துப் போட்டதும், அது சுவரிலிருந்து சுவர் வரை பரவி, சாப்பாட்டு மேசையின் கால்களை மூடி, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு வரை வந்தது. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவையின் வாசனை வந்தது. வசுமதி பரீட்சைத் தாள் கட்டை நாற்காலியில் வைத்தாள். ஓரமாக ஒரு இடம் பார்த்து, ஒருக்களித்துப் படுத்தாள். படுத்ததும் ஆளே தெரியவில்லை, அந்த அளவுக்கு உள்ளே போய்விட்டாள்.

சிந்துஜா சுவரோரமாக நுனிக்காலில் நடந்து தன் அறைக்குப் போனாள். தணிகாசலம் அதே வழியாகச் சமையலறைக்குப் போய், பீன்ஸ் நறுக்கினார். அரிசியும் பருப்பும் களைந்து குக்கரில் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். குக்கருக்குள் மெல்ல ஆவி சேர்ந்தது. விசில் வர வேண்டிய நேரத்தில் குக்கர் மூடியைக் கொஞ்சம் போலச் சாய்த்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஒண்ணு," என்றது.

தணிகாசலம் தலையசைத்துவிட்டுத் தேங்காய் துருவினார். கொஞ்ச நேரம் கழித்து குக்கர் மறுபடியும் சாய்ந்தது. "ரெண்டு."

அவர் கடுகைத் தாளிக்காமல் தனியே எடுத்து வைத்தார். வெடித்தால் சத்தம் வரும். கடுகுகளும் அது சரிதான் என்றன.

"மூணு," என்றது குக்கர். "அணைச்சிடுங்க."

அவர் அணைத்தார்.